விளக்கை நூர்த்துப் பழகியவர்கள்

தொண்ணூறுகளின் இரவுகளை இந்த மண்ணில் கழித்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. அந்நாட்களில் வெளிச்சம் எமக்கு எதிரியாக இருந்தது. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டது. குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. பெற்றோல் தடைப்பட்டியலில் ஏறியது. அதன்பின் இரவில் லைற் போட்டுக்கொண்டு வீதியில் போவது அறிவீனம் என்றாகிவிட்டது. வானத்தில் ஹெலிகொப்டர் சத்தம் கேட்டால் சைக்கிள் டைனமோவைத் தட்டி விலக்குவோம். "லைற்றை நூர், லைற்றை நூர்" என்று முன்னே போகிறவர் சத்தமிடுவார். அரிக்கன் லாம்பின் திரியைக் குறைத்து, அதையும் சாக்கால் மூடிக்கொண்டு சனம் நடந்தது. இருட்டுக்குள் போனவன் பிழைத்தான் என்பதே அன்றைய அனுபவம்.

ஆனையிறவு மூடப்பட்டு, பூநகரி வழியும் அடைபட்டபின், வெளியே போவதற்கு எமக்கிருந்த வழி கிளாலிக் கடனீரேரி. ஓர் இயந்திரப் படகின் பின்னால் பல வள்ளங்களைக் கயிற்றில் கோத்து இருளில் இழுத்துச் சென்றார்கள். வள்ளத்தில் எத்தனை பேர் ஏறலாம் என்று எவரும் எண்ணவில்லை. எண்ணினால் மிச்சப்பட்டவரை எங்கே விடுவது? உயிர்காப்பு அங்கி என்ற பொருளைப் பெரும்பாலானோர் கண்டதேயில்லை. 1993 ஜனவரி 2ஆம் திகதி அந்த நீரேரியில் கடற்படையினரின் தாக்குதலில் பலர் கொல்லப்பட்டனர். அதன் பின்னரும் சனம் ஏறியது. வேறு வழி இருக்கவில்லை. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் ஓரிரவில் எழுந்து, மழையில், நாவற்குழிப் பாலத்தைக் கடந்தபோது ஒரு சைக்கிளில் ஒரு குடும்பமும் ஒரு வீட்டுச் சாமானும் போயின. அந்தக் கூட்டத்தில் ஒரு பகுதியினர்தான் கரவெட்டியிலும் துன்னாலையிலும் உடுப்பிட்டியிலும் வந்து தங்கினார்கள். அவர்களிற் சிலரது பிள்ளைகள் இங்கேயே திருமணம் முடித்து, இங்கேயே கமம் செய்கிறார்கள்.

பழங்கதை பேசுவதற்காக இவற்றை நினைவூட்டவில்லை. அந்நாளில் எம்மைக் காப்பாற்றிய அதே பழக்கங்கள் இன்று எம்மைக் கொல்கின்றன என்பதே நாம் சொல்ல வந்த விடயம். போர் 2009 மே மாதத்தில் முடிந்தது. ஹெலிகொப்டர் இல்லை. ஆனால் விளக்கை நூர்த்த கை விளக்கைப் போடப் பழகவில்லை. ஏற்றக்கூடியதைவிட இரட்டிப்பாக ஏற்றிப் பழகிய மனம் இறக்கிவைக்கப் பழகவில்லை. "போனால் போகுது, வந்தால் வருது" என்று புறப்பட்ட அந்த நாள் துணிச்சல் இன்று நெல்லியடிச் சந்திக்குத் தேங்காய் வாங்கப் போகும்போதும் எம்மோடு வருகிறது.

இந்த ஆபத்து மற்றெல்லோரையும்விட இடம்பெயர்ந்த கமக்காரனை அதிகமாகத் தொடுகிறது. இதை எவரும் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. சொந்த ஊரில் இருந்தவனுக்குத் தோட்டம் வீட்டுக் கோடிக்குப் பின்னால் கிடந்தது. காலையில் எழுந்து வேலியைத் தாண்டினால் வெங்காயப் பாத்தி. அவனுடைய பிள்ளைகள் ஒழுங்கையால் நடந்து பள்ளிக்கூடம் போயின. காணி பறிபோனவனுக்கு வீடு ஓரிடம், குத்தகைக் காணி இன்னோரிடம், சந்தை வேறோரிடம். விடியப்புறம் மூன்று மணிக்குத் தண்ணீர் இறைக்க ஒரு பயணம். அறுவடைக் காலத்தில் மருதனார்மடத்துக்கோ திருநெல்வேலிச் சந்தைக்கோ ஒரு பயணம். திரும்பும்போது மம்மல் பொழுது கடந்துவிடும். மீள்குடியேற்றம் என்று காணியை விட்டபின்னரும் பலருக்கு இதே கதைதான். வசாவிளானிலோ மாவிட்டபுரத்திலோ காணியைத் துப்புரவாக்கி மிளகாய் நட்டாயிற்று. ஆனால் வீடு கட்டி முடியவில்லை, கிணறு தூர்ந்து கிடக்கிறது, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் இங்கே. ஆகவே நாள்தோறும் வல்லை வெளியைக் கடக்க வேண்டும். காணியை இழந்தவன் காணிக்குப் பதிலாகப் பெற்றுக்கொண்டது வீதியைத்தான். அவன் உயிர் வாழ்வது வீதியில். அவன் சாவதும் அங்கேதான் என்றாகிவிடக் கூடாது.

வல்லை வெளியை உதாரணமாக எடுப்போம். யாழ்ப்பாணத்திலிருந்து வருபவன் அச்சுவேலிப் பக்கம் குடிமனைகளைக் கடந்தவுடன் திறந்த வெளி. பாலத்தடியில் தொண்டைமானாற்று நீரேரி. இரண்டு பக்கமும் காற்று. வீதி நேராகக் கிடப்பதால் எவருக்கும் வேகம் எடுக்க ஆசை வரும். விடியப்புறம் அந்த வெளியில் ஒரு லான்ட்மாஸ்டர் போகிறது. பெட்டியில் வெங்காயச் சாக்கு, சாக்கின் மேல் மனைவியும் மகனும். முன்னால் உள்ள ஒற்றை லைற் மங்கலாக எரிகிறது அல்லது எரியவில்லை. பின்னால் ஒன்றும் இல்லை. சிவப்புக் கண்ணாடித் துண்டுகூட இல்லை. பின்னாலே ஓர் இளைஞன் மோட்டார் சைக்கிளில் மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் வருகிறான். அது பெரிய வேகம் என்று அவன் நினைக்கவில்லை. ஆனால் அந்த வேகத்தில் ஒரு செக்கனுக்கு ஏறக்குறைய 17 மீற்றர் ஓடிவிடுகிறது. கண் கண்டதை மூளை அறிந்து கை பிரேக்கைப் பிடிப்பதற்கே ஒரு செக்கனுக்கு மேல் செல்லும். பிரேக் பிடித்தபின் வண்டி நிற்க இன்னுமோர் இருபது மீற்றர் வேண்டும். மொத்தம் நாற்பது மீற்றர் அளவில். அவனுடைய லைற் தெளிவாகக் காட்டுவதும் முப்பது நாற்பது மீற்றர்தான். எதிரே ஒரு பஸ் முழு வெளிச்சத்தோடு வந்தால் அதுவும் தெரியாது. வேகம் இரட்டித்தால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் நான்கு மடங்காகும் என்பதைப் பள்ளிக்கூடத்தில் படித்திருப்பான். வீதியில் அது ஞாபகம் வருவதில்லை.

இதிலே குற்றவாளி யார்? இளைஞன் என்பார்கள் சிலர். லான்ட்மாஸ்டர்காரன் என்பார்கள் வேறு சிலர். வீதிக்கு விளக்குப் போடாத சபை என்று மூன்றாமவர் சொல்வார். மூவரும் சொல்வது உண்மை. ஆனால் இறந்தவர் வீட்டில் இந்த மூன்றையும் எவரும் பேசுவதில்லை. அங்கே பேசப்படுவது நான்காவது ஒன்று: "விதி முடிஞ்சுது, ஃபாதர்."

தமிழிலே இந்தச் சொல்லுக்கு இரண்டு பொருள் இருப்பதை நாம் பலமுறை எண்ணியதுண்டு. தலையெழுத்தும் விதி, சட்டத்தின் ஒழுங்கும் விதி. இரண்டாவதைக் கைவிட்டவர்களுக்கு முதலாவது ஆறுதலாகிறது. மரணவீடுகளுக்குச் செல்வது எமது பணியின் ஒரு பங்கு. அங்கே "கடவுளின் சித்தம்" என்ற வார்த்தையை எம்மிடமிருந்து எதிர்பார்க்கிறார்கள். அழுகிற தாயின் முன்னால் நாம் வாதாடப் போவதில்லை. ஆனால் எட்டுச் செலவு முடிந்தபின், கூட்டத்திலே, இதைச் சொல்லத்தான் வேண்டும். பின்விளக்கில்லாத பெட்டியைக் கடவுள் வீதியில் நிறுத்தவில்லை. குடித்துவிட்டு ஹாண்டிலைப் பிடிக்குமாறு அவர் எவருக்கும் எழுதி வைக்கவுமில்லை. போரிலே எறிகணை வந்து விழுந்தபோது விதி என்று சொல்வதில் ஒரு நியாயம் இருந்தது. அதை விலக்க எம் கையில் எதுவும் இருக்கவில்லை. இன்றைய சாவுகளிற் பல அப்படிப்பட்டவை அல்ல.

இலங்கையில் அண்மைய ஆண்டுகளில் வீதி விபத்துகளில் வருடமொன்றுக்கு 2000க்கும் 3000க்கும் இடைப்பட்ட தொகையினர் இறக்கிறார்கள். நாளுக்கு ஆறு ஏழு பேர். உலகம் முழுவதும், உலக சுகாதார நிறுவனத்தின் 2023ஆம் ஆண்டு அறிக்கைப்படி, ஆண்டுக்கு ஏறக்குறைய 11 இலட்சத்து 90 ஆயிரம் பேர். அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் காருக்குள் இருப்பவர்கள் அல்லர்: நடப்பவர், சைக்கிளில் போகிறவர், மோட்டார் சைக்கிளில் போகிறவர். ஐந்து வயது முதல் 29 வயது வரையுள்ளோரின் சாவுக்கு முதற்காரணம் நோயல்ல, வீதி. எமது இனத்தில் அந்த வயதினரை எவ்வளவு இழந்துவிட்டோம் என்பதை இங்கே எழுதத் தேவையில்லை.

தலைக்கவசத்தைப் பற்றி எழுதினால் வாசகர்கள் பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள் என்று தெரியும். இருந்தாலும் எழுதுகிறோம். கரவெட்டியிலிருந்து மந்திகைக்கு ஆஸ்பத்திரியில் ஆளைப் பார்க்கப் போகும் ஒரு குடும்பத்தைப் பாருங்கள். அப்பா ஹெல்மெற் போட்டிருப்பார். பொலிசார் மறிப்பார்கள் என்ற பயம். பின்னால் இருக்கும் அம்மாவிடம் ஹெல்மெற் இருக்கும், மடியில். சந்தி நெருங்கும்போது தலையில் ஏறும். சந்தி கடந்ததும் இறங்கும். நடுவில் இருக்கும் பிள்ளைக்கும், பெற்றோல் ராங்கியின் மேல் இருக்கும் சின்னப் பிள்ளைக்கும் ஒன்றுமில்லை. கேட்டால் "உதிலைதானே ஃபாதர் போறம்" என்பார்கள். தலை தார் வீதியில் அடிபடும்போது அது பொலிஸ்காரன் நின்ற சந்தியா இல்லையா என்று பார்ப்பதில்லை. பல நாடுகளின் ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த கணக்கின்படி, ஒழுங்கான தலைக்கவசத்தை நாடிவார் பூட்டி அணிந்தால் சாவின் ஆபத்து ஏறக்குறைய 40 வீதத்தாலும் தலைக்காயத்தின் ஆபத்து ஏறக்குறைய 70 வீதத்தாலும் குறைகிறது. வார் பூட்டாத ஹெல்மெற் விழுகிறவனுக்கு முன்னால் உருண்டு போய்விடும்.

சாவைவிடக் கொடியது ஒன்று உண்டு. தலையில் அடிபட்டு உயிர் தப்பிய குடும்பத் தலைவன். அவனை வாட்டிலே வைத்துப் பார்க்க மனைவி நிற்க வேண்டும், தோட்டத்துக்கு ஆளில்லை, குத்தகைக் காசு கட்டத் தவணை வரும், தாலிக்கொடி அடைவுக்குப் போகும். சொந்தக் காணி உள்ளவன் உறுதியை வைத்துக் கடன் எடுப்பான். இடம்பெயர்ந்தவனின் உறுதி இருக்கிறது, காணி அவன் கையில் இல்லை. அல்லது காணி இருக்கிறது, உறுதி இடப்பெயர்வில் தொலைந்துவிட்டது. மோதிய வாகனத்துக்கு மூன்றாம் தரப்புக் காப்புறுதி இருக்க வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் கட்டளை. கைஉழவு இயந்திரம் ஓட்டவும் ஜி1 என்றொரு சாரதி அனுமதி வகை உண்டு. பதிவுமில்லாமல், காப்புறுதியுமில்லாமல், அனுமதியுமில்லாமல் ஓடும் லான்ட்மாஸ்டர் ஒரு பிள்ளையை மோதினால் இரண்டு ஏழைக் குடும்பங்கள் ஒன்றாக அழியும்: ஒன்று நட்ட ஈடு கிடைக்காமல், மற்றது நட்ட ஈடு கொடுக்க முடியாமல். எமது பெண்கள் சீட்டுப் பிடித்தும் சங்கத்தில் கடன் எடுத்தும் வருடக்கணக்காகச் சேர்த்தது ஒரு விடியப்புறத்தில் போய்விடும்.

நீர்வழிகளையும் இதோடு சேர்த்தே பேச வேண்டும். ஏனென்றால் மனப்பழக்கம் ஒன்றுதான். ஆட்களையும் வாகனங்களையும் நீருக்குக் குறுக்கே ஏற்றிச் செல்லும் மிதவையை நாம் "பாதை" என்கிறோம். வீதிக்கும் அதே சொல்தான். சங்குப்பிட்டியில் 2011 ஜனவரியில் பாலம் திறக்கும்வரை கேரதீவிலிருந்து அப்படித்தான் கடந்தோம். காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையிலும் பாதைதான்.

கிண்ணியாவில் குறிஞ்சாக்கேணி என்ற இடத்தில் புதிய பாலம் கட்டும் வேலை நடந்தது. பாலம் முடியும்வரை சனம் போய்வர ஒரு மிதவைப் பாதை ஓடியது. 2021 நவம்பர் 23ஆம் திகதி காலை, பள்ளிக்கூட நேரம், அது கவிழ்ந்தது. பிள்ளைகள் உட்பட ஆறு பேர் அன்றே இறந்தார்கள். அதில் அளவுக்கு அதிகமாக ஆட்கள். உயிர்காப்பு அங்கி இல்லை. பின்னர் பாதையை நடத்தியவர்களும் அனுமதி கொடுத்த நகர சபையின் தலைவரும் கைது செய்யப்பட்டார்கள். சனம் ஆத்திரப்பட்டு வீதியில் இறங்கியது. ஆத்திரம் நியாயமானது. பாலத்தைத் தோண்டிப் போட்டவர்கள் மாற்றுவழியைப் பாதுகாப்பாக அமைத்துக் கொடுத்திருக்க வேண்டும். ஆனால் அதே மாதிரி எத்தனை காலைகளில் எத்தனை பெற்றோர் அந்தப் பாதையில் பிள்ளையை ஏற்றிவிட்டு, "இன்றைக்குச் சனம் கூட" என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டே கைகாட்டியிருப்பார்கள்? அவர்களை நாம் குற்றம் சொல்லவில்லை. பிள்ளை பள்ளிக்கூடத்துக்குப் போகத்தானே வேண்டும். ஆனால் நாற்பது பெற்றோர் சேர்ந்து ஒரு நாள் "இருபது பேருக்கு மேல் ஏற்றாதே, இரண்டு முறை ஓடு" என்று கரையில் நின்றிருந்தால், அந்த ஒற்றை வாக்கியத்துக்குப் பாதைகாரன் பணிந்திருப்பான் என்று நாம் நம்புகிறோம்.

படகு ஏன் கவிழ்கிறது என்பதைக் கரைவலைக்காரர் அறிவார்கள். எங்கள் கமக்காரர் அறியார். பாரம் கூடும்போது படகு தாழும். அது ஒரு ஆபத்து. அதைவிடப் பெரியது ஆட்கள் எழுந்து நிற்பதும் ஒரே பக்கம் சாய்வதும். கேரளத்தின் தேக்கடி நீர்த்தேக்கத்தில் 2009 செப்டெம்பர் 30ஆம் திகதி உல்லாசப் படகொன்று கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். கரையில் மிருகங்களைக் காண்பதற்காகச் சனம் ஒரு பக்கம் திரண்டதும் படகு சரிந்தது. புயலோ அலையோ அங்கே இருக்கவில்லை. எங்கள் மண்டைதீவில் 2017 ஆகஸ்ட் 28ஆம் திகதி படகில் போன மாணவர்கள் ஆறு பேர் மூழ்கி இறந்ததும் பெருங்கடலில் அல்ல, கரைக்கு அண்மையில்தான். நயினாதீவுக்குத் திருவிழாக் காலத்தில் போகும்போது அங்கியைத் தந்தால் "வியர்க்குது" என்று சொல்லிக் காலடியில் போட்டுவிடுகிறோம். காலடியில் கிடக்கும் அங்கி எவரையும் மிதக்க விட்டதில்லை.

மாரிகாலத்தில் வீதியே நீர்வழியாகிவிடும். இது கமக்காரருக்கு மிக நெருங்கிய ஆபத்து. 2024 நவம்பர் 26ஆம் திகதி, வெள்ளம் பாய்ந்துகொண்டிருந்த காரைதீவு - மாவடிப்பள்ளி வீதியில் ஓர் உழவு இயந்திரம் அடித்துச் செல்லப்பட்டது. பெட்டியில் இருந்தவர்கள் மத்ரசாவிலிருந்து விடுமுறைக்கு வீடு திரும்பிய மாணவர்கள். பலர் திரும்பி வரவில்லை. உழவு இயந்திரம் உயரமானது, பாரமானது, எந்த வெள்ளத்தையும் கடக்கும் என்ற நம்பிக்கை எமது ஊர்களிலும் உண்டு. பஸ் நின்றுவிட்டால் "ரக்ரரிலை ஏறுங்கோ" என்பதுதான் முதற் சொல். பாய்ந்தோடும் நீர் கணுக்காலுக்கு மேல், அரை அடி, ஏறினாலே வளர்ந்த மனிதனின் காலை வாரும். ஓரடி நீர் சிறிய காரைத் தூக்கும். இரண்டடி நீர் பெரும்பாலான வாகனங்களைத் தள்ளிக்கொண்டு போகும். தண்ணீருக்கடியில் வீதி இருக்கிறதா, அரித்துக்கொண்டு போய்விட்டதா என்பது மேலே இருந்து தெரியாது. முள்ளி வெளியாலும் வல்லையாலும் மாரியில் போய்வருகிறவர்கள் இதை மனதிற் கொள்ள வேண்டும். வெள்ளம் வடிய ஓரிரவு பொறுத்தால் வெங்காயம் கொஞ்சம் அழுகும்; அவ்வளவுதான்.

முகாமிலும் குத்தகைக் காணியிலும் வளரும் பிள்ளைகளுக்கு ஊர்க் குளங்களும் பாழ்கிணறுகளும் புதியவை. ஊர்ப் பிள்ளைக்குக் குளத்தில் எங்கே பள்ளம் என்று தாத்தா காட்டியிருப்பார். மற்றப் பிள்ளைக்குக் காட்ட ஆளில்லை. கட்டில்லாத தோட்டக் கிணற்றைக் காணிக்காரர் மூடாவிட்டால் குத்தகைக்காரராவது நான்கு மரம் நட்டுக் கம்பி கட்டலாம். இதற்கு எந்தத் திட்டமும் நிதியும் வேண்டியதில்லை.

இவ்வளவும் சொன்னபின் மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் நாம் நியாயமாகப் பேசியவர்கள் ஆகமாட்டோம். தனிமனிதப் பொறுப்பு என்ற சொல்லை வசதியுள்ளவர்கள் வசதியற்றவர் மேல் எறிகிற கல்லாகப் பாவிப்பதை நாம் கண்டிருக்கிறோம். போருக்குப் பின் வீதிகள் அகலமாகவும் வழுவழுப்பாகவும் போடப்பட்டன. வாகனம் வேகமாக ஓடுவதற்கு அவை போடப்பட்டன. ஓரத்தில் நடக்கிறவனுக்கும் சைக்கிள்காரனுக்கும் இடம் விடப்படவில்லை. முன்பு குன்றும் குழியுமாகக் கிடந்த வீதி வேகத்தை அடக்கியது. புதிய வீதி அடக்கவில்லை, அதன் இடத்தில் வேறெதுவும் வைக்கப்படவுமில்லை. மணல் ஏற்றிய டிப்பர்கள் இரவிலே கிராமங்களுக்குள்ளால் பறப்பதைப் பற்றி வடமராட்சி முழுவதும் குறை சொல்கிறது. மரவள்ளி ஏற்றிய சைக்கிளை மறித்து லைற் எங்கே என்று கேட்பது சுலபம். டிப்பரை மறிப்பது அவ்வளவு சுலபமில்லைப் போலும். பஸ்கள் ஒன்றையொன்று முந்திச் சென்று ஆட்களை அள்ளுகின்றன. 2025 மே 11ஆம் திகதி கொத்மலை கெரண்டி எல்லவில் பள்ளத்தில் விழுந்த இ.போ.ச. பஸ்ஸில் இருபதுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அதிலும் ஆசனங்களைவிட ஆட்கள் அதிகம். அந்தப் பஸ்ஸில் நின்றுகொண்டு வந்தவன் பொறுப்பற்றவன் என்று சொல்ல முடியுமா? அடுத்த பஸ் எப்போது வரும் என்று அவனுக்கு எவராவது சொல்லியிருந்தார்களா? வீதி அபிவிருத்தி அதிகார சபையும் பொலிசாரும் பிரதேச சபையும் தங்கள் பங்கைச் செய்யாமல் சனத்துக்குப் புத்தி சொல்வதை நாம் ஏற்கவில்லை.

ஆனால் அவர்கள் செய்யும்வரை காத்திருக்கவும் எமக்கு நேரமில்லை. காணியை விடுவிக்கும்படி முப்பது வருடம் கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்குக் காத்திருப்பு என்றால் என்ன என்று தெரியும். காணியை விடுவது அவர்கள் கையில். லைற் எங்கள் கையில்.

ஒரு வயோதிபக் கமக்காரர் எம்மோடு வாதாடினார். "முப்பது வருசமா இந்த றோட்டிலை போறன் ஃபாதர். கண்ணை மூடினாலும் எனக்குத் தெரியும்" என்றார். உண்மைதான். அவருக்கு வீதியைத் தெரியும். பின்னால் வருகிறவனுக்கு அவரைத் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் விளக்கு என்று சொன்னபோது சற்று யோசித்தார். லைற் என்பது தான் பார்ப்பதற்கு என்றே பலரும் எண்ணுகிறார்கள். பிறர் தன்னைப் பார்ப்பதற்கு என்று எண்ணுவதில்லை. போர்க்காலத்தில் பிறர் கண்ணிற் படாதிருப்பதே பாதுகாப்பு என்று கற்றுக்கொண்ட தலைமுறைக்கு இது தலைகீழ்ப் பாடம். இளைஞர்களுக்கும் அதே பாடத்தைத்தான் நாம் பழக்கத்தால் கொடுத்துவிட்டோம். அவர்கள் போரைக் காணவில்லை. எங்கள் ஓட்டத்தைக் கண்டார்கள்.

அவசரத்தில் அழைக்க ஓர் இலக்கம் உண்டு என்பதும் எல்லோருக்கும் தெரியவில்லை. சுவசெரிய அம்புலன்ஸ் சேவை 2018 ஜூலை முதல் வடக்கிலும் ஓடுகிறது, காசில்லை. இலக்கம் 1990. வலிகாமம் வடக்குச் சனத்துக்கு அது மறக்கக்கூடிய எண்ணும் அல்ல. விபத்துப்பட்டவரைக் கையையும் காலையும் பிடித்துத் தூக்கி ஓட்டோவில் மடித்துப் போட்டுக்கொண்டு ஓடுவது எமது நல்ல மனதைக் காட்டுகிறது. முள்ளந்தண்டு முறிந்தவரை அது நிரந்தரமாகக் கட்டிலில் போட்டும் விடுகிறது. ஆபத்தான இடமாக இல்லாவிட்டால் ஆளை அசைக்காமல், இரத்தம் ஓடும் இடத்தைத் துணியால் அழுத்திக்கொண்டு, பின்னால் வரும் வாகனங்களை மறித்து வைத்து, அம்புலன்ஸ் வரும்வரை நில்லுங்கள்.

மாரி தொடங்குவதற்கு இன்னும் சில வாரங்கள் உள்ளன. நெல்லு வெட்டுக்கு அதற்கப்பால் சில மாதங்கள். கமக்காரர் அமைப்புகளும் மாதர் சங்கங்களும் கிராம அபிவிருத்திச் சங்கங்களும் இந்த இடைவெளியில் ஒரு கூட்டத்தை இதற்கென ஒதுக்கலாம். லான்ட்மாஸ்டர்ப் பெட்டிகளை ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயில் வளவிலோ சனசமூக நிலையத்திலோ கொண்டுவந்து நிறுத்தி, பின்பக்கம் சிவப்பு ஒளிதெறிக்கும் பட்டியை ஒட்டுவது ஒரு மணித்தியால வேலை. பட்டிக்குச் சில நூறு ரூபா போதும். சைக்கிள் மட்காட்டுக்கும் அதே பட்டியில் ஒரு துண்டு. வெங்காயச் சாக்கின் மேல் ஆட்களை ஏற்றுவதில்லை என்று சங்கமே ஒரு தீர்மானம் எடுக்கட்டும். தீர்மானத்தை முதலில் மீறுகிறவர் சங்கத் தலைவராக இல்லாதிருந்தால் நல்லது. மடுவுக்கும் சந்நிதிக்கும் வல்லிபுரத்துக்கும் வாகனம் ஒழுங்கு செய்கிறவர்கள், நாங்களும் உட்பட, லொறியில் நிற்க வைத்து ஆட்களை ஏற்றுவதை நிறுத்த வேண்டும்.

நெல்லு விடயம் கொஞ்சம் சிக்கலானது. வீதியில் நெல் காயவிடுவதைத் தடை செய் என்று சொல்வது சுலபம். களம் இல்லாதவன் எங்கே காயவிடுவான்? சொந்தக் காணியில் சீமெந்துக் களம் வைத்திருந்தவர்கள்தான் இன்று தார் வீதியில் படங்கு விரிக்கிறார்கள். ஆகவே பிரதேச சபையிடம் பொதுக்களம் கேட்டு எழுதுவோம். கிடைக்கும்வரை, வீதியின் ஒரு பக்கம் மட்டும், வளைவிலும் பாலத்தடியிலும் அல்லாமல், பொழுதுபட முன்னர் அள்ளிவிடுவோம். நெல்லைச் சுற்றி வைத்த கல்லையும் மரக்குற்றியையும் அள்ளுவதற்கு ஒருவரைப் பெயர் குறித்து நியமியுங்கள். நெல் வீட்டுக்குப் போய்விடுகிறது. கல் இரவு முழுவதும் வீதியிலே கிடக்கிறது.